ஆயில் சீல் மாற்றும் முன்

கிராங்க் ஷாஃப்ட் எண்ணெய்க்கு நடுவே சுழல்கிறது. ஆனால் அதன் ஒரு முனை பெல்ட்டை ஓட்டவும் மறுமுனை கிளட்ச்சைச் சுழற்றவும் எஞ்சினை விட்டு வெளியே வந்தாக வேண்டும். ஷாஃப்ட் வரும் வழியில் எண்ணெயும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது ஆயில் சீல்.

இரும்பு வளையம், அதன்மேல் ரப்பர், உள்விளிம்பில் கூரான உதடு, உதட்டை ஷாஃப்டோடு அணைத்துப் பிடிக்க மெல்லிய சுருள் ஸ்பிரிங். அவ்வளவுதான். உதடு ஷாஃப்டை உலர்வாக உரசினால் சீக்கிரமே கருகிவிடும். அதனால் இரண்டுக்கும் நடுவே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தே ஆக வேண்டும். உதட்டின் இரு பக்கச் சரிவும் ஒரே அளவில் இருக்காது. ஷாஃப்ட் சுழலும்போது அந்த வித்தியாசம் கசியும் எண்ணெயைத் திரும்ப உள்ளே தள்ளுகிறது. சீலைத் திருப்பிப் போட்டால் அதுவே வெளியே தள்ளும்! ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்த்திருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஜெர்மனியின் வைன்ஹைம் நகரத்து ஃப்ராய்டன்பெர்க் நிறுவனம் இத்தகைய சீல்களைத் தயாரித்த முன்னோடிகளில் ஒன்று. அது அப்போது தோல் பதனிடும் ஆலையாக இருந்தது. ஆகவே தொடக்கத்தில் உதடும் தோல்தான். இன்று பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர், சுமார் 100 டிகிரி வரை தாங்கும். அதைவிடச் சூடான இடங்களுக்கு விலை கூடிய வைட்டான். சீலின் மேல் 35-52-7 என்று இருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில்.

ஒழுகினால் உடனே சீலைக் குறை சொல்ல வேண்டாம். மேலே வால்வு கவர் கேஸ்கெட்டில் கசிந்தது வழிந்து இறங்கி, காற்றில் பரவி, சீலின் அருகே சொட்டும். எஞ்சினைத் துடைத்துவிட்டு, வண்டியைக் கொஞ்சம் ஓட்டி, மேலிருந்து கீழாகப் பாருங்கள். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைத்திருந்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி நல்ல சீலையும் ஒழுக வைக்கும். அதைச் சரிசெய்யாமல் போடும் புது சீலும் ஒழுகும். ரப்பரை ஊதவைத்துக் கசிவை நிறுத்தும் டப்பா மருந்துகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டினால் பின்பக்க சீல்மேல் சந்தேகப்படலாம். அதை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். சீல் விலையைவிடக் கூலி பல மடங்கு. கிளட்ச் மாற்ற எப்படியும் இறக்கும்போது அந்த சீலையும் பார்த்துவிடச் சொல்வது புத்திசாலித்தனம்.

பழைய ஷாஃப்டில் உதடு உரசிய இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். நகத்தால் வருடினாலே தட்டுப்படும். இடம் இருந்தால், நல்ல மெக்கானிக் புது சீலை இம்மி முன்பின்னாக அமர்த்தி, உதட்டை வழவழப்பான பரப்பில் உட்கார வைப்பார். பள்ளம் ஆழமானால் ஷாஃப்டின் மேல் மெல்லிய ஸ்லீவ் ஒன்றைப் போட வேண்டும்.