மஞ்சள் லென்ஸுக்கு வெயில் வைத்தியம்

வாசகர் ஒருவர் பழைய சூப்பர் டாகுமார் 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ் வாங்கியிருக்கிறார். பூஞ்சை இல்லை, கீறல் இல்லை, ஃபோகஸ் வளையம் மக்கர் செய்யாமல் சுழல்கிறது. ஆனால் எடுக்கிற படமெல்லாம் மஞ்சள் பூத்துக் கிடக்கிறது. ரிப்பேர் கடையில், பிரித்துப் பாலிஷ் போட்டால் சரியாகும் என்றார்களாம். செலவழிக்கலாமா, காயலான் கடையில் போடலாமா என்று கேட்கிறார். அது கதிரியக்க லென்ஸ் என்று யூடியூபில் யாரோ கிளப்பிவிட்ட பயம் வேறு.

இரண்டும் வேண்டாம். லென்ஸைக் கழற்றி வெள்ளைத்தாளுக்கு மேலே பிடித்துப் பாருங்கள். மேற்பூச்சின் நிறம் சாய்த்துப் பார்க்கும்போது பளபளப்பில்தான் தெரியும். கண்ணாடி வழியே தாளே மஞ்சளாகத் தெரிந்தால், நிறம் உள்ளே ஊறியிருக்கிறது என்று பொருள். அதை மேலே தேய்த்து எடுக்க முடியாது. பாலிஷ் போட்டால் போவது மேற்பூச்சும் உங்கள் பணமும்தான்.

இந்த லென்ஸின் 7 கண்ணாடி வடிவத்தில், பின்பக்கத்தில் தோரியம் ஆக்சைடு கலந்த கண்ணாடி உண்டு. தோரியம் சேர்த்தால் ஒளிவிலகல் எண் கூடும். ஆனால் நிறப்பிரிகை அதற்கேற்ப அதிகரிக்காது. எஃப்/1.4 வரை அகலத் திறக்கும் லென்ஸ் செய்பவருக்கு இது பெரிய வரம்.

வரலாறு இல்லாவிட்டால் சிலர் கோபித்துக்கொள்வார்கள். 1930களில் அமெரிக்காவில் ஜார்ஜ் மோரி இத்தகைய கண்ணாடிகளை உருக்கிப் பார்த்தார். இரண்டாம் உலகப்போரில் கோடக்கின் ஏரோ எக்டார் லென்ஸில் தோரியம் விமானமேறியது. 1960களில், டாகுமாரைச் செய்த ஜப்பானின் அசாஹி ஆப்டிகல் அதைச் சாமானியர் கேமராவுக்கும் கொண்டுவந்தது. நம் பெட்ரோமாக்ஸ் மேண்டிலில் எரிந்ததும், மணவாளக்குறிச்சி மணலில் கிடப்பதும் இதே தோரியம்தான். போதும்.

சுவாரசியம் இனிமேல்தான். தோரியம்-232இன் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். அவ்வளவு சாவகாசமான பேர்வழி என்றாலும், ஒரு கிராமில் நொடிக்குச் சுமார் 4,000 அணுக்கள் சிதைந்து ஆல்ஃபா துகளை வீசுகின்றன. அது கண்ணாடிக்குள் ஒரு தலைமுடித் தடிமன் தூரம்கூடப் போகாது. போகிற வழியில் எலக்ட்ரான்களைப் பெயர்த்துப் போட்டுவிடும்.

எலக்ட்ரான்களைச் செருப்புகளாகவும், ஆல்ஃபாவை யானையாகவும், ஒளியைக் கூட்டமாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். கோயில் வாசலில் ஜோடி ஜோடியாகச் செருப்பு விட்டிருக்கிறார்கள். யானை ஊடே நடக்கிறது. சிதறிய செருப்புகளில் பெரும்பாலானவை உடனே தம் ஜோடியோடு சேர்ந்துவிடுகின்றன. சில மட்டும் தரையின் பள்ளங்களில் விழுந்து சிக்கிக்கொள்கின்றன. (கண்ணாடி படிகமல்ல, அதன் அணுவலையில் பள்ளங்களுக்குப் பஞ்சமில்லை.) பள்ளத்துச் செருப்புக்கு ஒரு விசித்திரப் பழக்கம்: நீலச் சட்டைக்காரர் வந்தால் மட்டும் காலைப் பிடித்து நிறுத்திவிடும். சிவப்பும் பச்சையும் தாராளமாகப் போகலாம். நீலம் குறைந்த கூட்டம் மறுவாசலில் மஞ்சளாக வெளியேறுகிறது. யானை ஐம்பது வருடம் நடந்தால் பள்ளமெல்லாம் செருப்பு. அப்போது துடைப்பத்தோடு வருகிறார் பணியாளர். அவர்தான் புற ஊதாக் கதிர். பள்ளத்தில் கிடப்பதைத் தூக்கி வெளியே எறிகிறார். செருப்பு ஜோடி சேர்கிறது, நீலச் சட்டைக்கு வழி பிறக்கிறது. இதற்குமேல் இழுத்தால் வார் அறுந்துவிடும்.

எலக்ட்ரான் சிக்கிய இந்தப் பள்ளங்களுக்கு இயற்பியலில் நிற மையங்கள் என்று பெயர். இதில் ஒரு வேடிக்கை: வெயிலில் தூக்கிக்கொண்டு திரிந்த லென்ஸைவிட, பெட்டிக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்த லென்ஸ்தான் அதிகம் மஞ்சளாகும். இருட்டில் துடைப்பக்காரர் வருவதில்லை.

ஆகவே வைத்தியம் எளிது. மூடிகளைக் கழற்றி, அபர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்தில் புற ஊதா எல்.இ.டி. விளக்கைக் காட்டுங்கள். முன்பக்கத்தில் அலுமினியத் தாள் வைத்தால் ஒளி திரும்பவும் உள்ளே போகும். சில நாட்களிலிருந்து சில வாரங்கள் பிடிக்கும். விளக்கை உற்றுப் பார்க்காதீர்கள். ஜன்னல் வெயிலும் வேலை செய்யும். ஆனால் இது பலமான குவிலென்ஸ்; திரைச்சீலை பற்றிக்கொள்ளலாம். சூடேறினால் உள்ளே இருக்கும் கிரீஸ் இளகி அபர்ச்சர் தகடுகளில் கசியவும் கூடும். அதனால் என் ஓட்டு எல்.இ.டி.க்கு. கறுப்பு வெள்ளை ஃபிலிம் போடுகிறவர் என்றால் எதுவுமே செய்ய வேண்டாம். இலவசமாக ஒரு மஞ்சள் ஃபில்டர் கிடைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கதிரியக்கப் பீதிக்கு வருவோம். ஆல்ஃபா கண்ணாடியைத் தாண்டாது. பின்பக்கத்தில் கொஞ்சம் பீட்டாவும் காமாவும் வெளியே வரும். தள்ளிப் போகப் போக வேகமாகக் குறையும். அமெரிக்க விதி, லென்ஸில் எடைக்கு 30 விழுக்காடு தோரியம் வரை விலக்களித்தது. மூக்குக்கண்ணாடிக்கும் பைனாகுலரின் கண்வில்லைக்கும் அந்தச் சலுகை தரவில்லை. அதில் நமக்கும் பாடம் உண்டு: கேமராவில் மாட்டுங்கள், கண்ணில் ஒட்டிப் பூதக்கண்ணாடியாக்காதீர்கள். பாலிஷ் கூடாது என்பதற்கு இரண்டாவது காரணமும் கதிரியக்கம்தான். தேய்த்த தூள் மூச்சோடு போனால் ஆல்ஃபா உள்ளேயிருந்து வேலை காட்டும். இன்னொரு பக்கம், 'அணு லென்ஸ்' என்று சொல்லி விலையேற்றுகிறவர்களையும் நம்ப வேண்டாம். கதிரியக்கத்தால் படத்துக்கு எந்த மாயமும் சேர்வதில்லை.

மெக்கானிக்கிடம் போக வேண்டிய பழுதுகள் வேறு: தகடுகளில் எண்ணெய், பூஞ்சை, ஒட்டுவிட்ட கண்ணாடி. முதலாவதைத் துடைத்துவிடலாம். பூஞ்சை மேற்பூச்சை அரித்திருந்தால் தழும்பு போகாது. மூன்றாவதுக்கு ஆகும் செலவில் வேறு லென்ஸே வாங்கலாம். மஞ்சள் டாகுமாருக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பவர்கள் மஞ்சளைக் காட்டி விலையைக் குறையுங்கள். பூஞ்சையைக் கண்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.