சீரியல் பார்த்தால் குடும்பம் கெடுமா? எங்கள் வீட்டில் கெடவில்லை!

சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி, "டிவி முன்னால் உட்காரும் பெண்களால்தான் குடும்பம் கெடுகிறது" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாகப் படமும் தொடரும் பார்த்து வருகிறவள் நான். என் கட்சியையும் கொஞ்சம் கேளுங்களேன்.

நான் ஒரு சாதாரண இல்லத்தரசி. 1991-ல் கல்யாணமாகி வந்தபோது புகுந்த வீட்டில் இருந்தது சின்ன பிளாக் அண்ட் ஒயிட் டிவி. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை படம், அவ்வளவுதான். 1993-ல் சன் டிவி வந்த பிறகும் எங்கள் தெருவுக்கு கேபிள் வர இரண்டு வருஷம் ஆனது. அன்றிலிருந்து இன்றுவரை எத்தனையோ பார்த்தாயிற்று. எல்லாமே மனசில் நிற்கவில்லை. ஒரு படமோ தொடரோ எனக்குப் பிடிக்க வேண்டுமென்றால், அதில் வரும் பெண்ணின் கையில் பணம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று காட்ட வேண்டும். வாடகை, வட்டி, சம்பளக் கவர், சீர்வரிசை எல்லாம் வர வேண்டும். அழுகை எல்லாக் கதையிலும்தான் இருக்கிறது. கணக்கு இருக்கிற கதை கொஞ்சம்தான்.

அந்த வகையில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கே.பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974). அப்பா வீட்டைவிட்டு சாமியாராகப் போய்விடுவார். அண்ணன் குடிகாரன். விதவைத் தங்கை, கண் தெரியாத தம்பி, அண்ணி, குழந்தைகள் என்று அத்தனை பேருக்கும் கவிதாவின் ஒரு சம்பளம்தான் சோறு போடும். வீட்டில் சிடுசிடுவென்று இருப்பாள். 'சம்பாதிக்கிற திமிர்' என்று ஊர் பேசுமே, அந்தத் திமிருக்குள்ளே எத்தனை ஆசையை மூட்டை கட்டி வைத்திருக்கிறாள் என்று சுஜாதா கண்ணாலேயே காட்டியிருப்பார். கடைசியில் கல்யாணம் கூடிவந்தும் நடக்காது. மறுபடி வேலைக்குத்தான் கிளம்புவாள். என் நாத்தனாரும் வேலைக்குப் போய்த் தம்பிகளைப் படிக்க வைத்தவர். இந்தப் படத்தைப் பார்த்த பிறகு அவர் சிடுசிடுத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, காபி கொடுக்கத்தான் தோன்றும்.

அடுத்தது பாலுமகேந்திராவின் 'வீடு' (1988). தூர்தர்ஷனில் ஒரு ஞாயிறு மதியம் பார்த்தேன். பாட்டே கிடையாது, சண்டை கிடையாது. 'என்னடி படம் இது' என்று பாதியில் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள், நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வதால், தாத்தாவின் இரண்டு மனையில் ஒன்றை விற்று இன்னொன்றில் வீடு கட்டக் கிளம்புவாள் சுதா. மேஸ்திரி சிமென்ட் திருடுவதைக் கண்டுபிடித்துச் சொல்வது யார் தெரியுமா? மங்கம்மா என்ற சித்தாள்! பாதி கட்டிய வீட்டுக்குள் தாத்தா தடவித் தடவி நடந்து பார்க்கும் இடத்தில் நான் தேம்பி அழுதேன். தாத்தாவாக வந்தவர் சொக்கலிங்க பாகவதர். சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. கிடைக்காவிட்டால்தான் அநியாயம்.

அந்தப் படம் எனக்கு 2006-ல் கைகொடுத்தது. என் நகை பன்னிரண்டு பவுனை விற்றுத்தான் நாங்கள் மனையே வாங்கினோம். வீடு கட்டும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, வந்த சிமென்ட் மூட்டை எத்தனை, பிரித்தது எத்தனை, மீதி எத்தனை என்று தினமும் சாயந்திரம் எழுதினேன். மேஸ்திரி முதலில் சிரித்தார். மூன்றாம் நாள் ஒரு மூட்டை குறைந்தபோது நோட்டைக் காட்டினேன். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை!

மனைப் பத்திரம் எழுதும் முன்பே ஒரு பேச்சு வந்தது. "எப்பவும் போல என் பேர்லயே இருக்கட்டும், உன் பேரு எதுக்கு?" என்றார் என்னவர். கெட்ட எண்ணமில்லை, வழக்கம் அப்படி. அப்போது சன் டிவியில் 'கோலங்கள்' ஓடிக்கொண்டிருந்த நேரம். அபியாக தேவயானி. கட்டுமானத் தொழிலில் ஒற்றை ஆளாக நின்று எழுவாள். ஆதியின் குடைச்சல் ஒரு பக்கம், பணத்திலேயே கண்ணாக இருக்கும் புருஷன் பாஸ்கர் ஒரு பக்கம். என் மாமியார் ஒரு நாள் விடமாட்டார். மகன் பேசியதைக் கேட்டுக்கொண்டே வெற்றிலை மடித்தவர், "டேய், பாஸ்கர் மாதிரி பேசாதடா. அவ நகையிலதானே மனை வாங்குறே? ரெண்டு பேர் பேர்லயும் எழுது" என்றார். என்னவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "யாரைப் போய் யாரோட சொல்றீங்க?" என்று கத்தினார். ஆனால் மறுவாரம் பத்திரத்தில் என் பெயரும் ஏறியது.

என்னவர் 2017-ல் தவறிவிட்டார். காரியம் முடிந்த பதினாறாம் நாளே உறவுக்காரர்கள் இரண்டு பேர் வந்து, "பொம்பளை தனியா இருந்து வீட்டை என்ன செய்யப் போறீங்க, எங்ககிட்ட விட்டுடுங்க" என்று ஆரம்பித்தார்கள். நான் சண்டை போடவில்லை. பீரோவைத் திறந்து பத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தேன். என் பெயரைப் பார்த்ததும் பேச்சு நின்றது. சீரியல் குடும்பத்தைக் கெடுக்கிறது என்று எழுதிய சகோதரிக்கு இதைத்தான் நான் முதலில் சொல்ல விரும்புகிறேன்.

'மெட்டி ஒலி'யை (2002 முதல் 2005 வரை) மறக்க முடியுமா? தாயில்லாத ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுக்கும் சிதம்பரமாக டெல்லி குமார். திருமுருகன் இயக்கம். அந்த மனுஷன் ஒவ்வொரு பெண் வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கி நுழைவதைப் பார்த்தால் எந்தப் பெண்ணுக்கும் தன் அப்பா நினைவு வரும். என் அப்பா வாய் திறந்து பேசாதவர். அந்தத் தொடர் ஓடிய நாட்களில்தான் வாரம் ஒரு முறை போன் செய்து, "எல்லாரும் உன்னை நல்லா வச்சிருக்காங்களாம்மா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

இரண்டாமவள் சரோவைப் படுத்தி எடுக்கும் மாமியார் ராஜத்தை என் மாமியார் வாய்க்கு வந்தபடி திட்டுவார். ஒரு நாள் விளம்பர இடைவேளையில் திடீரென்று, "ஏம்மா, நானும் உன்னை ஆரம்பத்துல இப்படித்தான் படுத்தினேனா?" என்றார். நான் என்ன சொல்ல? பால் பொங்கிவிடும் என்று எழுந்து போய்விட்டேன். மறுநாள் காலையிலிருந்து காய் நறுக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். கண் தெரிகிற வரை அவர்தான் நறுக்கினார்.

சிரிக்க வேண்டுமென்றால் எனக்கு 'மகளிர் மட்டும்' (1994). கமல்ஹாசன் தயாரிப்பு, கிரேஸி மோகன் வசனம், சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம். ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூன்று பேரும் அலுவலகத்தில் தொல்லை தரும் நாசரைச் சமாளிக்கும் கூத்து இருக்கிறதே! பிணமாக வரும் நாகேஷ் பேசாமலே சிரிக்க வைப்பார். மேலதிகாரியின் அத்துமீறலைப் பற்றி வெளியே பேசவே கூசிய காலத்தில், அதைச் சிரிப்போடு வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்த படம். துப்புரவு வேலை செய்பவளும் டைப் அடிப்பவளும் ஒரே கட்சியாக நிற்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்புறம் '36 வயதினிலே' (2015). பல வருஷம் கழித்து ஜோதிகா திரும்பி வந்த படம். அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கும் வசந்தியைப் புருஷனும் மகளும் ஒரு பொருட்டாக மதிக்காமல் அயர்லாந்துக்குக் கிளம்பிவிடுவார்கள். மொட்டை மாடியில் மருந்தடிக்காமல் காய்கறி போட்டே அவள் தலைநிமிர்வாள். இதை என் மகளோடு தியேட்டரில் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும், "அம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டாள். "தையல்" என்றேன். இன்று என் மெஷின் ஓடுகிறது. பிளவுஸ் தைத்து வரும் காசில்தான் கரண்ட் பில் கட்டுகிறேன்.

சமீபத்தில் மனசைப் பிடித்தது 'எதிர்நீச்சல்' (2022 முதல் 2024 வரை). 'கோலங்கள்' எடுத்த திருச்செல்வம்தான் இதையும் எடுத்தார். படித்த மருமகள்களை அடுப்படியோடு கட்டிப்போடும் ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்தார். 2023 செப்டம்பரில் அவர் மாரடைப்பில் இறந்தபோது எங்கள் தெருவே வாடிப்போனது. அத்தனை நாள் திட்டியவர்கள்தான் முதலில் அழுதார்கள்!

எல்லாவற்றையும் நான் புகழ வரவில்லை. தூங்கும்போதும் பட்டுப்புடவையும் ஒட்டியாணமும் எதற்கு? பாலில் விஷம் கலப்பது, பெண்ணுக்குப் பெண்ணே குழி பறிப்பது, ஒரு கல்யாணத்தை ஆறு வாரம் இழுப்பது, இதெல்லாம் அலுத்துப்போய்விட்டது. முக்கியமாக, இந்தப் பெண்களெல்லாம் மளிகை பாக்கி என்று ஒரு நாளாவது கவலைப்படுகிறார்களா? அப்படிப்பட்ட தொடர் வந்தால் நானே ரிமோட்டை எடுத்து அணைத்துவிடுவேன். எது சாதம், எது கல் என்று பொறுக்கத் தெரியாதவர்களா நாம்?

இப்போது வீட்டுக்கு வீடு ஆளுக்கொரு செல்போன். ஒவ்வொருவரும் தனித்தனியாக, காதில் மாட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். தோழிகளே, ஒரு யோசனை சொல்கிறேன். வாரத்தில் ஒரு நாளாவது மாமியார், மருமகள், மகள் எல்லோரும் ஒரே படத்தைச் சேர்ந்து பாருங்கள். முகத்துக்கு நேரே கேட்க முடியாததை, 'அந்த ராஜம் செய்தது சரியா' என்று கேட்டுவிடலாம். வீட்டு ஆண்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதலில் 'வீடு' போடுங்கள். முடிந்ததும் உங்கள் வீட்டுப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

உங்களுக்குப் பிடித்த படம் எது, அதனால் உங்கள் வீட்டில் என்ன மாறியது என்று நீங்களும் எழுதுங்களேன். ஆவலோடு காத்திருக்கிறேன்.

— ஒரு வாசகி, மன்னார்குடி.