கம்பியும் கட்டையும் – 7: முகமா, முதுகா?

போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு மதுரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். பதினெட்டு வருடம் வேலை பார்த்துச் சேர்த்ததில் நாலு லட்சத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாராம். வாழ்நாளுக்கும் போதும்படி ஒரே ஒரு நல்ல அக்கூஸ்டிக் கிட்டார் வேண்டும். பாடிக்கொண்டே வாசிப்பவர். கேள்வி ஒரு வரிதான்: "ரோஸ்வுட் வாங்கலாமா, மஹோகனி வாங்கலாமா சார்?"

கிட்டார் கடைக்குள் நுழைகிற எல்லோரும் கேட்பது இதைத்தான். ஆனால் அவர் சொன்ன இரண்டு மரமும் கிட்டாரின் முதுகுக்கும் விலாவுக்கும் போடுகிறவை. வாசிப்பவரின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும் பகுதி அது. எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கும் முகத்தை, அதாவது கிட்டார்க்காரர்கள் 'டாப்' என்று சொல்லும் மேல்பலகையைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூட விசாரிக்கவில்லை. வீடு பார்க்கப் போனவர் அஸ்திவாரத்தை விட்டுவிட்டு வாசல் கேட்டின் டிசைனைக் கேட்ட கதைதான்.

கம்பி தனியாக அதிர்ந்தால் பக்கத்து நாற்காலிக்கே சரியாகக் கேட்காது. அது மெலிசு, காற்றை அறுக்குமே தவிரத் தள்ளாது. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாக அந்த அதிர்வு டாப்புக்கு இறங்கி, டாப் மொத்தமாக உள்ளும் வெளியும் மூச்சு விடும்போதுதான் அறை நிறைகிறது. ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கிற இழுவை 70 கிலோவை ஒட்டி வரும். ஒரு ஆளின் எடை. அதைத் தாங்கி நிற்கும் பலகையின் கனமோ சுமார் மூன்று மில்லிமீட்டர். கனமாகச் செய்தால் ஊமையாகிவிடும், மெலிதாகச் செய்தால் வளைந்து போகும். எடை இருக்கக் கூடாது, விறைப்பு இருக்க வேண்டும் என்று ஒன்றுக்கொன்று சண்டை போடும் இரண்டு குணங்களை ஒரே மரத்தில் தேட வேண்டியிருக்கிறது. ஸ்ப்ரூஸ் அப்படிப்பட்ட மரம். நார் ஓடும் திசையில் அதன் விறைப்பு குறுக்குத் திசையைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். ரைட் சகோதரர்கள் 1903-ல் பறக்கவிட்ட விமானத்தின் சட்டத்துக்கும் இதே மரத்தைத்தான் எடுத்தார்கள். காரணமும் இதேதான்.

ஸ்ப்ரூஸிலும் சாதிகள் உண்டு. இன்று கடையில் தொங்குபவற்றில் பெரும்பாலானவை அலாஸ்காவிலும் கனடாவின் மேற்குக் கரையிலும் வளரும் சிட்கா ஸ்ப்ரூஸ். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அமெரிக்கக் கிட்டார்களில் இருந்தது அடிரோண்டாக் என்கிற சிவப்பு ஸ்ப்ரூஸ். வெட்டி வெட்டிப் பெரிய மரங்கள் தீர்ந்துபோகவே, கம்பெனிகள் சிட்காவுக்கு மாறின. ஓங்கி அடித்து வாசித்தாலும் அடிரோண்டாக் கலங்காது என்பார்கள். என் அனுபவமும் அதுதான். இத்தாலியின் ஃபியெம்மே பள்ளத்தாக்கில் வளர்கிற ஐரோப்பிய ஸ்ப்ரூஸுக்கு வயலின்காரர்களிடம் நூற்றாண்டுகளாக மரியாதை. 2018 அக்டோபரில் வீசிய வாயா புயல் அந்த மலைப்பகுதிகளில் லட்சக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது.

இன்னொன்று சீடர். 1960-களில் மாட்ரிட்டின் ராமிரேஸ் பட்டறை இதை கிளாசிக்கல் கிட்டாருக்குக் கொண்டுவந்தது. விரலால் மெல்லத் தொட்டாலே பேசும். ஆனால் பிக் வைத்து ஓங்கி அடித்தால், ஒரு கட்டத்துக்கு மேல் அதனிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. மேடையில் கூட்டத்தோடு பாடுகிறவர் சீடர் வாங்கினால் ஆறு மாதத்தில் வருத்தப்படுவார்.

சரி, முதுகு ஒன்றுமே செய்யாதா? இந்தச் சந்தேகம் புதிதல்ல. இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் உருவத்தை வகுத்தவர் என்று சொல்லப்படும் ஸ்பெயின்காரர் அந்தோனியோ டி தோரெஸ், டாப்தான் எல்லாம் என்ற கட்சியைச் சேர்ந்தவர். அதை நிரூபிக்க 1862-ல் ஒரு கிட்டார் செய்தார். டாப் நல்ல ஸ்ப்ரூஸ். முதுகும் விலாவும் காகிதக்கூழ்! கொலு பொம்மை செய்கிறோமே, அதே சங்கதி. பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது. 1995-ல் டெய்லர் கம்பெனி, சரக்கு அடுக்கும் பேலட்டை உடைத்து, அந்த ஓக் கட்டையில் முதுகு செய்து காட்டியதும் இந்தப் பரம்பரைதான்.

இவையெல்லாம் கைவினைஞர்களின் குறும்பு என்று ஒதுக்கலாம். 2018-ல் வெளியான ஓர் ஆய்வை அப்படி ஒதுக்க முடியாது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்து ஆட்கள், ஃபைல்டு கிட்டார்ஸ் நடத்தும் ரோஜர் பக்னலிடம் ஆறு கிட்டார்கள் செய்யச் சொன்னார்கள். டாப், அளவு, உள்கட்டுமானம் எல்லாம் ஒன்றுபோல. முதுகும் விலாவும் மட்டும் வேறு வேறு: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சபீலி, வால்நட். பிறகு 52 கிட்டார்க்காரர்களை வரவழைத்து, வெல்டிங் செய்பவர்கள் போடும் கருப்புக் கண்ணாடியை மாட்டி, மங்கலான அறையில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார்கள். மதிப்பெண்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்தன. இரண்டு கிட்டாரைக் கொடுத்து எது எது என்று பிரிக்கச் சொன்னபோதும் தடுமாறினார்கள். உலகமே தவம் கிடக்கும் பிரேசில் ரோஸ்வுட்டும், ஆப்பிரிக்காவிலிருந்து மலிவாக வரும் சபீலியும் கண்ணைக் கட்டியதும் பங்காளிகளாகிவிட்டன.

இதை வாசித்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. ரோஸ்வுட்டின் அடிநாதம் நீளமாக நிற்கும், மஹோகனி சுருக்கமாகச் சொல்லி முடிக்கும் என்று நானே இருபது வருடமாகப் பலருக்குச் சொல்லி வந்திருக்கிறேன். இன்றும் என் காதுக்கு அப்படித்தான் படுகிறது. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு கேட்கிற காது அது. வித்தியாசம் இருக்கலாம். அது ஒன்றரை லட்சம் ரூபாய் வித்தியாசமா என்பதுதான் கேள்வி.

அப்படியானால் விலை எதற்கு ஏறுகிறது? கிடைக்காததற்கு. கதை நம் மலைக்கே வருகிறது.

அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனியுடைய டி-28 என்கிற மாடலுக்கு முதலில் பிரேசில் ரோஸ்வுட்தான் முதுகு. பிரேசில் தன் மரத்தை முழுக்கட்டையாக ஏற்றுமதி செய்வதைத் தடுத்ததும், 1969-ல் மார்ட்டின் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நீலகிரியிலும் வயநாட்டிலும் குடகிலும் வளர்கிற நம் ஈட்டி மரம், வேறு வழியில்லாமல் கூப்பிடப்பட்ட மாற்று ஆளாகத்தான் கிட்டார் உலகத்துக்குள் போனது. இன்றைக்கும் 1969-க்கு முந்தைய டி-28 என்றால் விலை எகிறும். அரை நூற்றாண்டாக உலகம் கேட்டு மயங்கிய கிட்டார்களில் பெரும்பங்குக்கு முதுகு கொடுத்தது ஈட்டிதான் என்றாலும், சேகரிப்பாளர்கள் கண்ணில் அது இன்னும் இரண்டாம் தாரம்.

பிரேசில் ரோஸ்வுட்டை 1992-ல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் போட்டார்கள். காண்டாமிருகக் கொம்புக்கும் புலித்தோலுக்கும் பக்கத்து இடம். உரிய சான்றிதழ் இல்லாமல் அந்த மரம் உள்ள கிட்டார் ஒரு நாட்டு எல்லையைத் தாண்ட முடியாது. வெளிநாட்டிலிருந்து மச்சான் வரும்போது பழைய கிட்டார் ஒன்றைக் கொண்டுவரச் சொல்கிறவர்கள் இதை மறந்துவிட வேண்டாம். விமான நிலையத்தில் உறவே முறிந்துபோகும். ஈட்டியும் சேர்ந்த ரோஸ்வுட் குடும்பம் முழுவதும் 2017 ஜனவரியில் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கொடுத்தார்கள். ஆகவே இந்திய ரோஸ்வுட் கிட்டார் வாங்குவதில் இப்போது அந்தக் காகிதத் தொல்லை இல்லை.

மரத்தை வெட்டுவதில்தான் தொல்லை. பட்டா நிலத்தில் நிற்கிற ஈட்டியைக்கூட நினைத்தபடி வெட்டிவிட முடியாதபடி தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டமே போட்டிருந்தார்கள். இந்தியாவிலிருந்து அறுத்த பலகையாக ஏற்றுமதி செய்வதற்கும் தடை. 2011-ல் அமெரிக்க அதிகாரிகள் நாஷ்வில்லில் கிப்சன் கிட்டார் தொழிற்சாலைக்குள் நுழைந்தபோது, வம்பு இந்தியாவிலிருந்து போன ஃபிங்கர்போர்டுப் பலகைகள் பற்றியது. ஆறு மில்லிமீட்டருக்கு மேல் கனம் இருந்தால் அது அறுத்த பலகையா, கருவியின் பாகமா? இந்திய மரம் கடைசியில் கிப்சனுக்கே திரும்பிப் போனது. 2009-லேயே பிடிபட்ட மடகாஸ்கர் கருங்காலிக்காகத்தான் 2012-ல் 3 லட்சம் டாலர் அபராதம் கட்டினார்கள்.

இன்னொரு மரம், விலையைக் கேட்டுச் சிரிப்பதற்காக. 1965-ல் இன்றைய பெலிஸ் நாட்டின் சிக்கிபுல் காட்டில் ஒரு பெரிய மஹோகனியை வெட்டினார்கள். அது தவறான பக்கம் சாய்ந்து பள்ளத்தில் விழுந்துவிட்டது. தூக்க முடியாமல் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். பல வருடம் கழித்து அறுத்துப் பார்த்தால், உள்ளே தண்ணீரில் அலை எழும்பினாற்போல் ரேகை. 'தி ட்ரீ' என்றே அதற்குப் பெயர். அந்த ஒற்றை மரத்தில் செய்த கிட்டார் ஒரு நல்ல காரின் விலைக்குப் போகும். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஹவாய்த் தீவுகளில் மட்டும் இயற்கையாக வளரும் கோவாவும் அழகுதான். கண்ணுக்காகக் கொடுக்கிற பணம் என்று தெரிந்து கொடுத்தால் குற்றமில்லை.

இப்போது சிலர் டாப்பை அடுப்பில் வறுத்துத் தருகிறார்கள். பிராணவாயு இல்லாமல் சூடேற்றினால் புது மரம் பழைய மரத்தின் குணத்துக்கு வருகிறது என்று கணக்கு. நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் கடைபவர்கள் இடித்த வீடுகளின் பழைய ஆச்சா உத்திரங்களைத் தேடிப்போகிறார்களே, அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கான குறுக்குவழி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

கடையில் என்ன பார்ப்பது? டாப்பின் ரேகைகள் நேராக, கழுத்துக்கு இணையாக ஓட வேண்டும். நெருக்கமாக இருந்தால்தான் உசத்தி என்பது விற்பவர் சொல்கிற கதை; அகன்ற ரேகை அடிரோண்டாக்கில் அருமையான கிட்டார்கள் உண்டு. பிறகு வெளிச்சத்தில் கிட்டாரைச் சாய்த்துப் பாருங்கள். நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கலாகவும் தெரிந்து, எதிர்ப்பக்கம் சாய்த்ததும் அது இடம் மாறினால், நார் பலகையின் பரப்போடு ஓடாமல் உள்ளே சரிந்து ஓடுகிறது என்று அர்த்தம். ஓரளவு இருந்தால் பரவாயில்லை. பட்டவர்த்தனமாக இருந்தால் நாலு லட்சத்துக்கு அது வேண்டாம். கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு, பிரிட்ஜ் பக்கத்தில் விரல் முனையால் தட்டுங்கள். சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்கிய பாட்டிமாரின் பேரப்பிள்ளைகளுக்கு அதற்கு மேல் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூடவே ஒரு நண்பரை அழைத்துப் போங்கள். நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அவர் ஒவ்வொன்றாகக் கையில் தரட்டும். விலைச்சீட்டு கண்ணில் படவே கூடாது. லங்காஸ்டர்காரர்கள் செய்ததுதான், கண்ணாடிச் செலவு இல்லாமல்.

வீட்டுக்கு வந்த பிறகு ஈரப்பதம். இந்தக் கிட்டார்கள் காற்றில் 45 முதல் 55 சதவீத ஈரத்துக்குப் பழகியவை. மழைக்காலச் சென்னையில் என் கிட்டாரை ஒரு மாதம் சுவரில் மாட்டி வைத்தேன். டாப் உப்பிக் கம்பிகள் எழும்பி, நாலாவது ஃப்ரெட்டுக்கு மேல் விரல் வலித்தது. அதை விற்றவரைத் திட்டினேன். தப்பு என்னுடையது. பெட்டிக்குள் ஒரு ஈரமானியும் சில சிலிக்கா பொட்டலங்களும் போட்டு மூடி வைத்தபின் மெல்ல மெல்லச் சரியானது.

மதுரை வாசகருக்கு: மார்ட்டின் கடையிலேயே டி-18, டி-28 இரண்டையும் கேளுங்கள். அளவு ஒன்று, டாப் இரண்டுக்கும் சிட்கா ஸ்ப்ரூஸ். முதுகு மட்டும் 18-க்கு மஹோகனி, 28-க்கு நம் ஈட்டி. 18 விலை குறைவு. கண்ணை மூடிக்கொண்டு வாசித்த பிறகும் 28-தான் வேண்டும் என்று காது அடம் பிடித்தால் வாங்குங்கள். இல்லையென்றால் 18-ஐ எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தில் நல்ல பெட்டியும் ஈரமானியும் வாங்கிவிடுங்கள். எதை எடுத்தீர்கள் என்று ஒரு கடிதம் போடுங்கள்.

(அடுத்த வாரம்: கழுத்தும் கருங்காலியும்)