போனில் புலி, பலகையில்?

மாவட்ட செஸ் போட்டி நடக்கும் மண்டபத்தின் வாசலில், பெற்றோர் கூட்டத்தோடு சற்று நேரம் நின்றால் இந்தக் குறை காதில் விழும்: "போன்ல நல்லா ஆடுறான் சார். போர்டுல உட்கார்ந்தா மட்டும் யானையைச் சும்மா விட்டுட்டு வந்துடுறான்." கவனமே இல்லை என்று பையனுக்கு அங்கேயே திட்டும் விழும். பாவம் அவன். தவறு பெரும்பாலும் அவன் கண் பழகிய விதத்தில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போட்டிப் பலகையில் ஒரு கட்டம் 5 முதல் 6 சென்டிமீட்டர். எட்டுக் கட்டமும் சேர்ந்தால் சுமார் 44 சென்டிமீட்டர். கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் அது பார்வையில் 40 பாகை அகலத்தை அடைத்துக்கொள்ளும். 7 சென்டிமீட்டர் அகலமுள்ள போனை ஓர் அடி தூரத்தில் பிடித்தால் 13 பாகைதான். நம் கண் மிகக் கூர்மையாகப் பார்ப்பதோ நடுவில் இரண்டு பாகை அளவுக்கு மட்டுமே. போனில் விழியைக் கொஞ்சம் அசைத்தாலே ஆட்டம் முழுவதும் சிக்கிவிடும். பலகையில் மூலைக்கு மூலை கண் நடக்க வேண்டும்.

போதாததற்கு, திரையில் தெரிவது நேர் மேலிருந்து பார்த்த படம். பலகையைச் சாய்வாகப் பார்க்கிறோம். எதிராளி பக்கத்து வரிசைகள் ஒடுங்கித் தெரியும். உயரமான ராணிக்குப் பின்னால் சிப்பாய் பாதி மறையும். அந்தக் கோடி மூலையிலிருந்து குறுக்கே பாய்ந்து வரும் பிஷப்தான் பையனின் யானையை வெட்டுகிறது.

1973-ல் அமெரிக்காவில் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நிஜ ஆட்டத்தின் நடுவிலிருந்து எடுத்த ஒரு நிலையை ஐந்து வினாடி மட்டும் காட்டினார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கினார். புதியவரால் நாலைந்துதான் முடிந்தது. காய்களைக் கண்டபடி இறைத்து வைத்ததும் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துபோனது. அதாவது, தேர்ந்தவர் மனதில் நிற்பவை தனித்தனிக் காய்கள் அல்ல, பழகிய கூட்டங்கள். போனிலேயே ஆயிரம் ஆட்டம் ஆடிய பிள்ளை அவற்றைத் தட்டைப் படங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறான் என்றே நினைக்கிறேன்.

எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. கொரோனா காலத்தில் பலகையிலேயே வளர்ந்த உலகின் முன்னணி வீரர்கள் வீட்டிலிருந்து கணினியில் ஆட வேண்டியதாயிற்று. பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் அவர்களுடைய நகர்வுகளைச் செஸ் மென்பொருளால் மதிப்பிட்டு, நேருக்கு நேர் ஆடியவற்றோடு ஒப்பிட்டார்கள். இணையத்தில் ஆட்டத்தின் தரம் குறைந்திருந்தது. நாளாக ஆக அந்தக் குறைவும் சுருங்கியது. எதிரே ஆள் இல்லாததற்கும் வீட்டுச் சூழலுக்கும் இதில் பங்கு இருக்கலாம். ஆனால் பழகப் பழகச் சரியாகிறது என்பது நம் பையனுக்கு நல்ல செய்தி.

கைக்கும் பழக்கம் வேண்டும். காயைத் தொட்டதும் அது போகக்கூடிய கட்டங்களில் புள்ளி வைத்துக் காட்டும் வசதி போனில் உண்டு. விதிக்குப் புறம்பான நகர்வைச் செய்யவே விடாது. மண்டபத்தில் தொட்ட காயை ஆடியே தீரவேண்டும். நிதான ஆட்டத்தில் தவறான நகர்வைச் செய்து கடிகாரத்தை அழுத்திவிட்டால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும். இரண்டாவது முறை செய்தால் பொதுவாக ஆட்டமே போய்விடும்.

போனைப் பிடுங்கச் சொல்லவில்லை. 2022 பிப்ரவரியில், பதினாறு வயது பிரக்ஞானந்தா மாக்னஸ் கார்ல்சனை வென்றது இணைய ஆட்டத்தில்தான். சிற்றூர்ப் பிள்ளைக்கு நள்ளிரவிலும் எதிராளி கிடைப்பது சின்ன விஷயமல்ல.

பிள்ளை போனில் ஆடும்போது பக்கத்தில் பலகையை விரித்து வையுங்கள். நடந்து முடிந்த நகர்வுகளை மட்டும் அதில் கையால் வைக்கட்டும்; யோசிக்கும் நகர்வை வைத்துப் பார்ப்பது ஏமாற்று. அடுத்த நகர்வைப் பலகையைப் பார்த்தே தீர்மானித்து, பிறகு போனைத் தொடட்டும். பத்து நிமிட ஆட்டம் இதற்குப் போதாது, அரை மணி ஆட்டமாக இருக்கட்டும். பலகையைக் கட்டிலில் வைக்க வேண்டாம். மேசைமேல், போட்டியில் உட்காரும் அதே உயரத்தில் வையுங்கள்.