ஹாங்காங்கின் வெளிநாட்டு வணிக அலுவலகங்கள்: சந்தேகங்களும் விளக்கங்களும்

ஹாங்காங் ஒரு நாடு அல்ல. ஆனாலும் லண்டன், டோக்கியோ, சிங்கப்பூர், சிட்னி என்று பல ஊர்களில் அதன் பெயர்ப்பலகையுடன் பொருளாதார, வணிக அலுவலகங்கள் இயங்குகின்றன. 2021இல் துபாயில் திறந்தது 14ஆவது. இவை பற்றி எழும் சந்தேகங்களுக்கு விளக்கம் இது.

சீனாவின் பகுதிதானே ஹாங்காங்? தனி அலுவலகம் வைக்க அதற்கு உரிமை உண்டா?

உண்டு. 1997 ஜூலை 1 முதல் ஹாங்காங் சீனாவின் சிறப்பு நிர்வாகப் பகுதி. அதன் அடிப்படைச் சட்டம் வெளியுறவையும் பாதுகாப்பையும் பெய்ஜிங்கிடம் வைத்துவிட்டு, வணிகத்தை ஹாங்காங்கிடம் விட்டிருக்கிறது. 116ஆவது பிரிவின்படி அது தனிச் சுங்கப் பகுதி. 'ஹாங்காங், சீனா' என்ற பெயரில் ஒப்பந்தம் செய்ய 151ஆவது பிரிவும், வெளிநாடுகளில் வணிக அலுவலகம் திறக்க 156ஆவது பிரிவும் இடம் தருகின்றன. திறந்ததைப் பெய்ஜிங்குக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஹாங்காங் வரியில்லாத் துறைமுகம். வியாபாரம் தானாக வராதா?

மதுவகை, புகையிலை, எரிபொருள் எண்ணெய், மெத்தில் ஆல்கஹால் ஆகிய நான்குக்கு மட்டுமே அங்கே தீர்வை. சிக்கலே அதுதான். 'நீ வரியைக் குறை, நானும் குறைக்கிறேன்' என்று பேரம் பேச அதன் கையில் ஒன்றும் இல்லை. தன் கதவைத் திறந்தே வைத்திருப்பவர், அடுத்தவர் கதவு சாத்தாமல் பார்த்துக்கொள்ள அங்கேயே ஓர் ஆளை வைக்க வேண்டியிருக்கிறது.

திருப்பூர்க்காரர்களுக்குக் 'கோட்டா' பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தொல்லை ஹாங்காங்குக்கு 1959லேயே தொடங்கிவிட்டது. இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களைக் காப்பாற்ற, ஆளும் நாடான பிரிட்டனே தன் காலனியின் பருத்தித் துணிக்கு வரம்பு கட்டியது. தன் நலனை லண்டன் பார்த்துக்கொள்ளும் என்று ஹாங்காங் இனி இருக்க முடியாது. 1965இல் பிரஸ்ஸல்ஸில் அலுவலகம் திறந்தது. ஜவுளிக் கோட்டாப் பேச்சுகளில் தன் அதிகாரிகளையே உட்காரவைத்தது. 1986இல் காட் ஒப்பந்தத்திலும், 1995இல் உலக வணிக அமைப்பிலும் தனி உறுப்பினரானது. ஜெனீவா அலுவலகம் இன்றும் அந்த அமைப்பில் அதன் குரல்.

இவை தூதரகங்களா? விசா கிடைக்குமா?

தூதரகங்கள் அல்ல. அந்தந்த நாட்டு வணிகக் கொள்கையைக் கவனிப்பது, அதிகாரிகளையும் சட்டமன்ற உறுப்பினர்களையும் வணிகச் சங்கங்களையும் சந்திப்பது, ஹாங்காங்கைப் பற்றி நல்ல விதமாக எடுத்துச் சொல்வது ஆகியவையே இவற்றின் வேலை. விசாவுக்குச் சீனத் தூதரகத்தையோ ஹாங்காங் குடிவரவுத் துறையையோ அணுக வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டில் குறுகிய பயணமாகப் போகிறவர்கள் 2017 முதல் புறப்படும் முன்பே இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

நம் ஊர் ஏற்றுமதியாளர் யாரிடம் போவது?

இந்த அலுவலகங்களில் ஒன்றும் இந்தியாவில் இல்லை. பொருளை விற்க, வாங்க வழிதேடுவோருக்கு 1966இல் அமைந்த ஹாங்காங் வணிக மேம்பாட்டுக் கழகம் இருக்கிறது. நகை, மின்னணுச் சாதனக் கண்காட்சிகளை நடத்துவது இதுதான். மும்பையில் இதற்கு அலுவலகம் உண்டு. ஹாங்காங்கில் கிளை தொடங்க நினைப்பவர்களுக்கு 'இன்வெஸ்ட் ஹாங்காங்' துறை. ஒரே வருமானத்துக்கு இரண்டு இடத்திலும் வரி கட்டாமல் இருக்க, இந்தியாவும் ஹாங்காங்கும் 2018இல் ஒப்பந்தம் செய்துள்ளன.

இவை அரசியல் வேலை செய்வதாகச் சொல்கிறார்களே?

அந்தக் குற்றச்சாட்டு வலுத்துவருகிறது. ஹாங்காங்கின் தன்னாட்சி தேய்ந்துவிட்டதால் அதன் அலுவலகங்களுக்குத் தனிச் சலுகை எதற்கு என்பது எதிர்ப்பவர்களின் வாதம். அமெரிக்காவிலுள்ள மூன்று அலுவலகங்களையும் மூட வழிசெய்யும் மசோதாவை 2024 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது, அது சட்டமாகவில்லை. அதே ஆண்டு மே மாதம் லண்டனில், ஹாங்காங் உளவுத்துறைக்கு உதவியதாக மூவர் மீது வழக்குப் பதிவானது. அவர்களில் ஒருவர் அங்குள்ள வணிக அலுவலகத்தின் மேலாளர்.

சண்டை லேபிள் வரை வந்திருக்கிறது. ஹாங்காங் சரக்கில் 'சீனத் தயாரிப்பு' என்றே அச்சிட வேண்டும் என 2020இல் அமெரிக்கா உத்தரவிட்டது. ஹாங்காங் உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டு 2022 டிசம்பரில் வென்றது. அமெரிக்கா மேல்முறையீடு செய்தது. அதை விசாரிக்க வேண்டிய அமர்வோ 2019 முதல் போதிய உறுப்பினர்கள் இல்லாமல் முடங்கிக் கிடக்கிறது. தனிச் சுங்கப் பகுதி என்பது சட்டத்தில் எழுதியிருந்தால் மட்டும் போதாது, சரக்கை வாங்குகிற நாடும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதலைக் கேட்டு வாங்குவதுதான் இந்த அலுவலகங்களுக்கு இப்போது முதல் வேலை.