தொட்டி மாத்தின செடி வாடுதா? பச்சை பிடிக்க விடுங்க!

நடவு முடிஞ்ச வயலை மறுநாள் போய்ப் பாருங்க. நாற்றெல்லாம் தலை சாய்ஞ்சு, வெளிறிப்போய் நிக்கும். அதுக்காக எந்த உழவரும் பதறிப்போய் உரம் போடுறதில்லை. "பச்சை பிடிக்கட்டும்"னு ஒரு வாரம், பத்து நாள் பொறுத்திருப்பார். வீட்டுத் தொட்டிச் செடிக்கும் அதே பொறுமைதான் வேணும்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஓர் அக்கா. இயற்கை விவசாயத்துக்கு வரணும்னு ஆசை. இப்போதைக்கு அவங்க நிலம் மொட்டை மாடிதான். அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த கறிவேப்பிலைப் பக்கக்கன்று ஒண்ணு நாலு வருசமா சின்னத் தொட்டியில இருந்தது. அம்மா இப்போ இல்லை, அந்த வீடும் கைமாறிடுச்சு. சித்திரை மாசம் பெரிய தொட்டிக்கு மாத்தினாங்க. மூணாம் நாளே இலை தொங்கிடுச்சு. காலையும் மாலையும் தண்ணி, கூடவே ஒரு கைப்பிடி கடலைப் புண்ணாக்கு. பத்தாம் நாள் இலை கொட்டினப்போ எங்களைக் கூப்பிட்டாங்க. "தண்ணியெல்லாம் குறை வைக்கலையே தம்பி" என்றார்கள். சிக்கலே அந்தத் தண்ணிதான்.

ஏன் வாடுது?

மண்ணிலிருந்து நீரை எடுப்பது வேர் நுனியில் இருக்கிற மெல்லிய வேர்த்தூவிகள். செடியைப் பிடுங்கும்போது அவை அறுந்துபோகும். இலையோ வழக்கம்போல நீரை ஆவியாக விட்டுக்கிட்டே இருக்கும். வரவு குறைஞ்சு செலவு குறையாததால்தான் மண் ஈரமா இருந்தும் செடி வாடுது. அப்போ மேலும் தண்ணி ஊத்தினா மண்ணில் காத்து இல்லாம, மிச்ச வேரும் அழுகும். மக்காத புண்ணாக்கு புளிச்சுச் சூடேறி, காயம்பட்ட வேரைச் சுடும்.

என்ன செய்யணும்?

விரலை ரெண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்க. ஈரம் இருந்தா தண்ணி வேண்டாம். அழுகல் வாடை வந்தா மட்டும் செடியை மெல்ல எடுத்து, கறுத்துக் கொழகொழன்னு இருக்கிற வேரை வெட்டிட்டு, புது மண்ணில் பழைய ஆழத்திலேயே வையுங்க. தண்டைப் புதைக்காதீங்க.

நேர் வெயிலும் கடல்காத்தும் படாத, வெளிச்சமான நிழலில் வையுங்க. பூ, பிஞ்சு, பழுத்த இலையை எடுத்துடலாம். பச்சை இலையை மொட்டை அடிக்காதீங்க. புது வேருக்கான சாப்பாட்டை அதுதான் தயாரிக்குது.

வாட்டம் அதிகமா இருந்தா, தெளிவான பிளாஸ்டிக் பையைக் கூடாரம் மாதிரி மூடி, தினமும் கொஞ்ச நேரம் திறந்து விடுங்க. ஈரக்காத்து இலையின் நீர்ச்செலவைக் குறைக்கும். இது பழைய உத்திதான். கப்பலில் போன செடிகளில் பெரும்பாலானவை உப்புக்காத்தில் செத்துக்கிட்டிருந்த காலத்தில், லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு மூடிய கண்ணாடிப் பெட்டியில் செடிகளை வச்சு 1833-ல் சிட்னிக்கு அனுப்பினார். அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன.

புதுத் துளிர் வர்ற வரைக்கும் எந்த உரமும் வேண்டாம். வந்த பிறகு ஒரு லிட்டர் தண்ணியில் 15 மில்லி பஞ்சகவ்யா போதும்.

அடுத்த முறை மாத்தும்போது

கத்திரி வெயிலைத் தவிர்த்து, ஆடிக்கு மேல் மாலை நேரத்தில் மாத்துங்க. பழைய தொட்டியைவிட ரெண்டு அங்குலம் அகலம் கூடினால் போதும். வில்லியனூர் பக்கம் கிடைக்கிற மண் தொட்டி நல்லா மூச்சு விடும். புதுசா இருந்தா ஒரு ராத்திரி தண்ணியில் ஊறவையுங்க. செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூணும் சம பங்கு. கடற்கரை மணல் கூடவே கூடாது, உப்பு வேரைக் கெடுக்கும். தென்னை நார்க்கழிவை நல்லா அலசிப் போடுங்க. கடலோரத் தெருக்களில் போர் தண்ணி உப்பாக இருந்தால், தொட்டி விளிம்பில் வெள்ளையாப் படியும். அந்த வீட்டுக்காரங்க மழைத்தண்ணியைப் பிடிச்சு வையுங்க.

அக்காவின் செடியில் அழுகிய வேரை நீக்கி, திண்ணை நிழலில் வச்சு மூடினோம். ரெண்டு வாரம் ஒண்ணும் தெரியலை. "போயிடுச்சோ"ன்னு தினமும் போன். நகத்தால் தண்டைக் கீறிப் பார்க்கச் சொன்னோம். உள்ளே பச்சை இருந்தது. நாலாவது வாரம் அடித்தண்டில் சிவந்த துளிர் ஒண்ணு எட்டிப் பார்த்தது. இப்போ அதிலிருந்து ஒரு பக்கக்கன்றைப் பிரிக்க ஆடிக்காகக் காத்திருக்காங்க.