பழைய மோட்டார் சைக்கிளும் தகுதிப் பரிசோதனையும்

மாட்டு வண்டி பூட்டிச் சந்தைக்குப் புறப்படும் குடியானவர், மாட்டை நுகத்தில் பூட்டுமுன் வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து வருவார். கடையாணி இருக்கிறதா, அச்சுக்கு மசகு போதுமா, சக்கரத்தின் பட்டை தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். இதை அவருக்கு எந்தச் சட்டமும் கற்பிக்கவில்லை. கடையாணி விழுந்தால் சக்கரம் கழன்று ஓடும் என்ற அனுபவமே கற்பித்தது.

அந்த வண்டி செய்துவந்த வேலையில் பெரும் பகுதியை இன்று நம் கிராமங்களில் மோட்டார் சைக்கிள் செய்கிறது. பால் சங்கத்துக்குக் கேன் கொண்டு போவதும், வயலிலிருந்து புல்லுக்கட்டு வருவதும், பிள்ளைகள் பள்ளி செல்வதும், நோயுற்றவர் ஆரம்ப சுகாதார நிலையத்தை அடைவதும் அதன் மீதுதான். ஆயினும் அதைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்க்கும் பழக்கம் மட்டும் நம்மிடம் வேரூன்றவில்லை.

சட்டம் கூறுவது

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்குரிய மோட்டார் சைக்கிளின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின்னர் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 2010-ஆம் ஆண்டில் பதிவான வண்டிக்கு முதற் கெடு 2025-இல் முடிந்தது. கெடுவுக்கு முந்தைய 60 நாட்களுக்குள் 25-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பம் கொடுக்கலாம். பசுமை வரி உள்ளிட்ட வரிகளைச் செலுத்தி, இன்ஷூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டவேண்டும்.

இதனை வெறும் காகித வேலை என்று கருதுவோர் பலர். பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து பல்பும் கண்ணாடியும் இரவல் வாங்கி மாட்டி, பரிசோதனை முடிந்ததும் கழற்றிக் கொடுப்பவர்களும் உண்டு. இத்தந்திரத்தினால் ஏமாறுபவர் ஆய்வாளர் அல்லர். அன்றிரவு அதே வண்டியில் வீடு திரும்புகிறவரே ஏமாறுகிறார்.

எண்ணும் விளக்கும்

15 ஆண்டு உழைத்த ஒரு 100 சி.சி. வண்டியை எடுத்துக்கொள்வோம். ஆய்வாளர் முதலில் பார்ப்பது எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும். அவை பதிவுச் சான்றில் உள்ளபடி இருத்தல் வேண்டும். பழைய வண்டிகளில் இந்த எண்கள் துருவிலும், சேற்றிலும், பின்னர் அடித்த பெயின்டிலும் மறைந்துவிடுகின்றன. அரத்தால் தேய்த்தால் எழுத்தே அழிந்துபோகும். மண்ணெண்ணெயோ டீசலோ நனைத்த துணியால் பொறுமையாகத் துடைப்பதே முறை.

அடுத்து விளக்குகள். பல்பை மாற்றியும் விளக்கு எரியவில்லையென்றால், பழைய வண்டியில் பெரும்பாலும் குற்றம் எர்த் கம்பியில் இருக்கும். கம்பி சட்டத்தோடு சேரும் இடத்தில் துரு பிடித்து மின்சாரம் தடைப்படுகிறது. அந்த இடத்தைச் சுரண்டி இறுக்கினால் போதும். செலவு ஒன்றுமில்லை. ஆனால் பின்விளக்கு இல்லாத வண்டி, தெரு விளக்கற்ற கிராமச் சாலையில், பின்னால் வரும் லாரிக்கு அருகே வரும்வரை தென்படாது. பிரேக்கை மிதிக்கும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்பதையும் பார்க்கவேண்டும். விளக்கு நன்றாக இருந்தும், அதை மறைத்து வைக்கோல் கட்டினால் பயன் இல்லை.

பிரேக்

பழைய வண்டிகளில் மிகுதியாகக் காணும் குறையும், மிக அபாயமான குறையும் பிரேக்கில்தான் உள்ளன. இவ்வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு டிரம் பிரேக்கே உண்டு. மிதிக்கும்போது உள்ளே இருக்கும் இரண்டு ஷூக்கள் விரிந்து டிரம்மைப் பற்றுகின்றன. ஷூ தேயத் தேய, மிதி கீழே போகிறது. உடனே நாம் தண்டின் முனையிலுள்ள திருகை இறுக்குகிறோம். மிதி மேலே வந்துவிடும். பிரேக் சரியாகிவிட்டது என்று எண்ணுகிறோம். உண்மையில் தேய்ந்த ஷூ தேய்ந்தபடியே இருக்கிறது. இறுக்க இறுக்க, வெளியே உள்ள நெம்புகோல் தண்டுக்குச் செங்குத்தாக நிற்கும் நிலையைக் கடந்து சாய்ந்துவிடும். அப்போது எவ்வளவு பலமாக மிதித்தாலும் பிடி குறையும்.

இதை அறிய ஒர்க்ஷாப்புக்குப் போக வேண்டியதில்லை. பல வண்டிகளில் அந்த நெம்புகோலுடன் ஒரு சிறு அம்புக்குறி இருக்கும். பிரேக் தகட்டில் ஓர் அடையாளமும் இருக்கும். பிரேக்கை முழுவதும் அழுத்தும்போது அம்பு அடையாளத்தைத் தொட்டால், ஷூவை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

பின்சக்கரத்தின் பிரேக் தகட்டைச் சட்டத்தோடு பிணைக்க ஓர் இரும்புத் தண்டு உண்டு. அதன் முனையில் உள்ள நட்டு கழன்று விழாமல் காப்பது ஒரு சிறிய ஸ்பிலிட் பின். பஞ்சர் ஒட்டும்போது இந்தப் பின் தொலைந்துபோவதும், அதற்குப் பதில் ஒரு கட்டுக்கம்பியை முறுக்கிவிடுவதும், சில சமயம் அதுவும் இல்லாமற்போவதும் நாம் அடிக்கடி காணும் விஷயம். நட்டு கழன்று தண்டு விடுபட்டால், பிரேக் பிடித்த கணத்தில் தகடு சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். சக்கரம் இறுகி வண்டி கவிழும். சில ரூபாய் விலையுள்ள இந்தப் பின்தான் மோட்டார் சைக்கிளின் கடையாணி.

டயரும் கழுத்தும்

இருசக்கர வாகனத்தின் டயரில் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. பட்டன் தேயாதிருந்தும் பக்கச் சுவரில் வெடிப்பு விழுந்த டயர்கள் உண்டு. அதிகம் ஓடாமல் வெயிலில் நின்ற வண்டிகளில் இதைக் காணலாம். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்க எண் அதன் வயதைக் கூறும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஸ்போக்ஸ் கம்பிகளை விரலால் தட்டிப் பார்த்தால், தளர்ந்த கம்பி மந்தமான ஓசையால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பால் கேன் சுமக்கும் வண்டிகளில் பின்சக்கரக் கம்பிகளே முதலில் தளர்கின்றன.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் தரையில் படாதபடி செய்து ஹாண்டில்பாரைத் திருப்புக. நடுவில் ஓரிடத்தில் சிக்கினால் கழுத்திலுள்ள குண்டுகள் ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. குண்டும் குழியுமான சாலையின் அடியெல்லாம் ஹாண்டில் நேராக இருக்கும்போதே விழுவதால், அந்த இடமே முதலில் தேய்கிறது. செயினின் கீழ்ப்பகுதி ஏறத்தாழ 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை ஆடலாம். அதற்கு மேல் தொங்கினால் கழன்று சக்கரத்தில் சிக்கக்கூடும்.

புகையும் சேலைக் காப்பும்

2000-ஆம் ஆண்டு மார்ச் 31-க்குப் பின் செய்த இத்தகைய பழைய இருசக்கர வண்டி, எஞ்சின் நின்றோடும் நிலையில் வெளியிடும் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்துக்கு மேற்படலாகாது. அதற்கு முந்தையவற்றுக்கு 4.5 சதவீதம். மண் சாலையின் புழுதி ஏர் ஃபில்டரை அடைத்துவிட்டால், காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்து எரிகிறது. புகைப் பரிசோதனையில் தவறும் வண்டி, பரிசோதனைக்கு முன்னரே உரிமையாளரின் பணத்தைப் புகையாக்கிக்கொண்டிருந்தது என்றறிக.

பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும், கால் வைக்கும் இடமும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும் இருக்கவேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. கேன் மாட்ட இடைஞ்சல் என்று இந்தக் காப்பைக் கழற்றிவிடுகிறார்கள். மாலையில் அதே வண்டியில் வீட்டுப் பெண்கள் ஒருபக்கமாக அமர்ந்து வருகிறார்கள். முந்தானை சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் என்ன நேரும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

நாம் செய்யவேண்டியது

மேலே கண்ட குறைகளுள் பெரும்பாலானவை சிறு செலவில் தீர்பவை. பரிசோதனைக்கு ஒரு மாதம் முன்னரே நம்பகமான மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினால் அலைச்சல் மிஞ்சும். ஆனால் சட்டமே துருவேறி அரித்துவிட்ட வண்டியைப் பற்றவைத்துப் பற்றவைத்து ஓட்டுவது சிக்கனம் ஆகாது. உபயோகத்துக்கு உதவாது என்று கைவிட்ட வண்டியைக் குறித்து 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்கு அறிவித்துப் பதிவை நீக்கிக்கொள்ள வேண்டும். காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டதாலேயே பொறுப்பு தீர்ந்துவிடாது.

ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பது 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை. இடைப்பட்ட நாட்களில் அதைப் பார்க்க வேண்டியவர் உரிமையாளரே. காலையில் கிளம்புமுன் விளக்கு, பிரேக், டயர், செயின், ஸ்பிலிட் பின் ஆகிய ஐந்தையும் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். நம் பாட்டனார் கடையாணியைப் பார்த்ததும் அவ்வளவு நேரந்தான். வண்டி மாறியிருக்கிறதேயன்றி, அதில் ஏறி வரும் மனைவி மக்களின் உயிருக்குரிய மதிப்பு மாறவில்லை.